கதர் தாத்தாவின் மிச்ச நூல்

தெருமுனையில் நிற்கும் கதர் தாத்தா சிலையின் கைத்தக்களியில் நூல் ஏறியிருந்தது. சுழற்றி நூல் நூற்கிற அந்தத் தக்களியோ சிமென்ட், சிலையோடு சேர்த்து வார்த்தது. காலையில் கழுத்தில் மாலை போடும்போது மொட்டையாகத்தான் இருந்தது. இருட்டுகிற நேரத்தில் சங்கரி பால் பாக்கெட்டை அணைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். விழாவுக்காகப் புதிதாய் அடித்த வெள்ளிப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. எந்தக் குரங்குப் பிள்ளையோ ஏறிச் சுற்றியிருக்கும், வேறென்ன என்று நடந்தாள். நடை தானாக ஓட்டமாகிவிட்டது.

சுதந்திரப் போராட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கைநூல் கேட்டு வாங்கிய தலைவராம் அவர். அதனால் சின்ன காஞ்சிபுரத்தின் இந்தத் தெரு, பட்டு நெய்கிற தெருவாக இருந்தும், அவர் பிறந்த நாளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பருத்தி நூல் கொடுத்து மாலை கட்டிப் போடும். இந்த வருடம் கட்டியது சங்கரி. நூலைக் கொடுத்த விழாக் கமிட்டி ஜெயக்குமார், "மிச்சம் இருந்தா அவர் காலாண்டயே வச்சிடும்மா, வூட்ல வச்சிக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் வைக்கவில்லை. மகள் காவேரிக்கு நேற்றிலிருந்து அனலாய்க் கொதிக்கிறது. மிச்சத்தை முறுக்கி, காமாட்சியை வேண்டிக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். ஒரு முழ நூலுக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது. மழை ஓட்டின்மேல் சடசடவென்று இறங்கியது. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. கணவன் தினேஷ் புடவை கொடுக்கச் சென்னை போயிருந்தான்.

"சங்கரி, பாப்பாவுக்கு இப்போ எப்டி இருக்குது?" எதிர்வீட்டு சம்பூர்ணம் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"தூங்கிக்கினு இருக்குதுக்கா. அக்கா, தாத்தா கையில நூல் சுத்தினது யாரு?"

"இன்னா நூலு? நான் இப்பத்தானே அந்தப் பக்கமா வந்தேன். ஒண்ணுமில்லையே. போய்க் கதவ சாத்திக்கினு படும்மா." ஜன்னல் மூடிக்கொண்டது.

சங்கரி மெழுகுவர்த்தியை ஏற்றி, தறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பிழைப்பு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைப்பது. பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். சாம்பல் தொட்ட விரல் ஒரு சுற்றுச் சுற்றினால் இழை இழையைப் பிடித்துக்கொள்ளும். டிவி பார்த்துக்கொண்டே செய்வாள், தினேஷோடு சண்டை போட்டுக்கொண்டே செய்வாள். அறுந்த நூலைக் கண்டால் அந்த விரல்களுக்குப் பொறுக்காது, யார் புடவையாக இருந்தாலும் கை போய்விடும். பயத்தை மறக்க இன்றைக்கும் அந்த வேலையில்தான் இறங்கினாள்.

மழைக்கு நடுவே ஒரு சத்தம். கிர்ர்ர். நிற்கும். மறுபடி, கிர்ர்ர். கல் தரையில் எதையோ வைத்துச் சுற்றிவிடுவது போல. எலியா? எலி இவ்வளவு நிதானமாகச் சுற்றாது. கூடவே ஈரத்தில் ஊறிய பட்டின் வாடையையும் கஞ்சி வாடையையும் மீறி ஒரு வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

பெயின்ட்.

அவள் மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே போனாள். காவேரியின் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நுனியை அவளே ஒட்ட நறுக்கியிருந்தாள். இப்போது அந்த நுனியிலிருந்து ஒற்றை இழை நீண்டது. கட்டிலைத் தாண்டி. தறியைத் தாண்டி. கதவின் கீழ் இடுக்கு வழியாக வெளியே, மழைக்குள்.

கிர்ர்ர்.

இழை விறைத்தது. குழந்தையின் கை படுக்கையிலிருந்து எழும்பியது.

"அடிப்பாவி, என்ன காரியம் செஞ்சேன்!" சங்கரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "தாத்தா, தெரியாம எடுத்துட்டேன். குடுத்துடறேன். புள்ளய வுட்டுடு." கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு சதைக்குள் அழுந்தியிருந்தது. தொட்டால் கல். கத்தரி? எங்கே கத்தரி? தறி மேல் தடவினாள். சாம்பல் கிண்ணம் கவிழ்ந்து கையெல்லாம் சாம்பல். கத்தரி இல்லை. சத்தம் கதவுக்கு வெளியே வந்துவிட்டது. கிர்ர்ர். கிர்ர்ர்.

பட்.

இழை தானாகவே அறுந்தது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்.

காவேரியின் கை பொத்தென்று படுக்கையில் விழுந்தது. சத்தம் நின்றது. குழந்தை கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றது. நெற்றி வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. சங்கரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அழுகையும் சிரிப்புமாகக் குனிந்து குழந்தையின் கன்னத்தில் முகம் வைத்தாள். காமாட்சி, தாயே, நாளைக்கு முதல் வேலையாக வந்து விளக்கு போடுகிறேன், என் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ தெரியாது.

அப்புறம்தான் தன் கைகளைப் பார்த்தாள்.

அறுந்த இழையின் கட்டில் பக்கத்து நுனி இடது கையில் இருந்தது. கதவுப் பக்கத்து நுனி வலது கையில். எப்போது எடுத்தாள்? சாம்பல் படிந்த கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது.

இழை இழையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். சங்கரி பிணைத்தது பிரியாது என்று தெருவே சொல்லும்.

கிர்ர்ர்.

"அம்மா," என்றாள் காவேரி. "கை குளுருதும்மா."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கை கதவை நோக்கி நேராக நீண்டிருந்தது. விரல் நுனி முதல் முழங்கை வரை வெள்ளி நிறம். பெயின்ட் இன்னும் காயவில்லை.