முழங்கால் உயரச் சுவர்

கிரீட் தீவின் இந்தப் புராதன அரண்மனைக்குள் வழிதவறியவர் எவரும் அங்கே உலவும் காளைத்தலை அரக்கனிடமிருந்து மீண்டதில்லை என்று உலகம் மூவாயிரம் வருடமாக நடுங்கிவருகிறது. இன்று அதன் சுவர்கள் முழங்கால் உயரம். வழிதவறியவர்கள் தாண்டி வந்துவிடுகிறார்கள். நடுங்குவதெல்லாம் காவலாளி மனூசோஸின் விசிலுக்குத்தான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. சுவரைவிட்டு இறங்கு என்று அர்த்தம்.

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒருமுறைகூடச் சுவரில் கால் வைத்ததில்லை. செருப்பில் ஏறிய கல்லை எடுக்கச் சுவரில் உட்கார்ந்த சக காவலாளி கலிரோயி மீது போன வாரம் புகாரே எழுதிப் போட்டார்.

ஆகஸ்டு மதியம், மூன்று மணி, மூடும் நேரம். யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்கக் கடைசிச் சுற்றுக்கு அவர் உள்ளே போனபோது, காய்ந்த தைம் செடியின் வாசமும் காதைக் கிழிக்கும் சில்வண்டு இரைச்சலுமாக எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆளுயர எண்ணெய்ச் சாடிகள் நிற்கும் கிடங்கைக் கடக்கும்போது சுவர் அவர் இடுப்பில் உரசியது.

இடுப்பில்.

வெயில் மயக்கம் என்று நடையை எட்டிப் போட்டார். ஆலிவ் நிழலில், வாசலருகே, கலிரோயி சாவியை ஆட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிடு தூரம்.

“என்ன மனூசோஸ், உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா?”

“சுத்தி வரேன், இரு.”

“தாண்டி வாய்யா. நான் புகாரெல்லாம் எழுத மாட்டேன். காபிக்கடையில மட்டும் சொல்லுவேன்.”

அவர் தாண்டவில்லை. ஊரே சிரிக்கும். வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம். மறுபடி, உதடு உடைந்த அதே சாடி. சுவர் மார்புக்கு வந்திருந்தது.

சில்வண்டுகள் ஒரே நொடியில் அடங்கின. எங்கிருந்தோ ஈரக் காற்று. அதில் தொழுவ வாடை. பெரிய மூச்சொன்று. அவருடையதல்ல.

“கலிரோயி, பூட்டிடாதே.”

அவள் திரும்பவில்லை. பூட்டினாள். போனாள்.

விசிலுக்காகக் கழுத்தைத் தடவினார். கயிறு மட்டும் இருந்தது. நுனி ஈரமாக.

சுவர் தலைக்கு மேல். பின்னால், கல்லில், கனமாக ஓர் அடி. நின்றது. இன்னோர் அடி.

மானம் போனால் போகட்டும். தாவினார். நகம் பிய்ந்தது. முழங்கை ஏறியது. வயிறு ஏறியது. அந்தப் பக்கம் வெயில், ஆலிவ் மரம், சாலை. குதித்தால் போதும்.

கீழே, இருட்டுக்குள்ளிருந்து, விசில். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

மனூசோஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்பக்கமே இறங்கினார்.