எட்டுத் தையல்

பாலாடையால் ஊற்றிய தண்ணீர் கீழே வரவில்லை. சொட்டு நீலம் கலந்த அந்தத் தண்ணீர், வெள்ளை பலூனால் செய்த உணவுக்குழாயில் இறங்கி, தையலைத் தாண்டி, அடியில் வைத்த கிண்ணத்தில் விழுந்திருக்க வேண்டும். கிண்ணம் காய்ந்து கிடந்தது. சுற்றி அடைத்த பஞ்சிலும் ஈரமில்லை.

ஹம்சவேணி பயிற்சி டாக்டர். டிபன் டப்பாவுக்குள் குளுக்கோஸ் பாட்டிலை நறுக்கி விலா எலும்பு வைத்து, பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கூட்டை அவளே செய்திருந்தாள். தைத்துப் பழக வெளிநாட்டுப் பொம்மைக்கு இந்த ஆஸ்பத்திரி எங்கே போகும்? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பன்னிரண்டு நாளுக்கு முன் அவள் போட்ட தையல் பிரிந்து, உணவுக்குழாய் இணையாமல் பிறந்த முத்துத்தாயின் குழந்தை பாலே விழுங்காமல் இறந்துபோய்விட்டது. நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு அதே ஆபரேஷன். இந்த டப்பாவில் ஒழுகாமல் தைத்துக் காட்டினால்தான் கத்தி அவள் கைக்கு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

கரண்ட் போன மத்தியான வெக்கையில், ஃபினாயில் நெடியையும் மீறி, எங்கிருந்தோ தாய்ப்பால் வாடை மெல்ல அறைக்குள் பரவிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த நர்ஸ் ராமக்காள் டப்பாவில் தொங்கிய அட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள். ‘முத்துத்தாய் குழந்தை.’

“போன பிள்ளை கையில கெடந்த அட்டையில்ல டாக்டரம்மா? பேரு வைக்காத பிள்ளைக்கு அது ஒண்ணுதான அடையாளம். அவுத்துருங்க.”

“மாட்டேன்க்கா. அது கண்ணு முன்னால இருந்தாத்தான் என் கை அசட்டையா ஓடாது.”

ராமக்காள் வெளியே போய்விட்டாள். ஹம்சவேணி டப்பாவைத் தொட்டாள். வெதுவெதுப்பு. இன்னொரு பாலாடை ஊற்றினாள்.

மடக். மடக்.

கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாம். ஓடினால் நாளைக்கும் தையல் பிரியும். அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. யாரிடம் தோற்றாலும் இந்தத் தையலிடம் இனித் தோற்க மாட்டாள்.

“குடி,” என்றாள். “எம்புட்டு வேணுமோ குடி. இந்தத் தடவை பிரியாது.”

தண்ணீர் தீர்ந்தது. மடக்குச் சத்தம் தீரவில்லை. பலூனின் வாய் அவள் சுட்டுவிரலைக் கவ்வியது. பல் இல்லை. ஈறு. இழுத்தாள். வரவில்லை. நகக்கண்ணில் சுருக்கென்றது.

வெள்ளை ரப்பருக்குள் சிவப்பு இறங்கியது.

அவள் விரலை இழுப்பதை நிறுத்தினாள். தையலையே பார்த்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் எட்டு முடிச்சும் புடைத்தன. அடங்கின. வெளியே ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. கிண்ணத்திலும் விழவில்லை. அது குடித்துக்கொண்டே இருந்தது.