முன் சீட்டில் ஒரு கண்ணீர் அஞ்சலி

பிணம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது!

சுடர்விழி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

இரண்டு சீட்டுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளிக்கு அப்பால் ஒரு லேப்டாப். திரையில் கொட்டை எழுத்தில்...

'கண்ணீர் அஞ்சலி'.

வெள்ளை மீசையோடு சிரிக்கும் ஒரு பெரியவர் படம். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். ஒரு மூலையில் மெழுகுவத்தி, மறு மூலையில் புறா.

அதே வெள்ளை மீசை, அதே பெரியவர், லேப்டாப்காரனுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாய் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்!

சிங்கப்பூரிலிருந்து திருச்சி போகும் காலை விமானம். கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

சுடர்விழிக்குக் கும்பகோணத்தில் ஃப்ளெக்ஸ் கடை. பதினெட்டு வருஷமாய் காதுகுத்து முதல் கருமாதி வரை அவள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் ஊர் சுவருக்குப் போக வேண்டும். தங்கை பிரசவத்துக்கு வந்து ஒரு மாதம் பத்தியச் சமையல் சமைத்துவிட்டுத் திரும்புகிறாள். போனில் ஏற்றி வந்த படமெல்லாம் பார்த்த படம். அதனால் ஏறியதிலிருந்து அக்கம்பக்கத்துத் திரைகளைத்தான் மேய்ந்துகொண்டிருந்தாள்.

வலது பக்கத்து ஆள் தன் போட்டோவில் தொப்பையை விரலால் தேய்த்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். நிஜத் தொப்பை சீட் பெல்ட்டுக்கு மேலே வழிந்துகொண்டிருந்தது.

அவனுக்கு முன்னால் ஒரு பெண், 'அம்மா சீரியஸ், பத்து நாள் லீவு வேண்டும்' என்று மேனேஜருக்கு எழுதிவிட்டு, அடுத்த நிமிஷமே கொடைக்கானல் ரிசார்ட் படங்களைப் புரட்டினாள்.

ச்சீ... என்ன ஜென்மங்கள்!

அப்படி நினைத்துக்கொண்டு முன்னால் திரும்பியபோதுதான் இது.

அவள் தொழில் புத்தி முதலில் எழுத்தைத்தான் படித்தது.

'திரு. ஞானாபரணம், திருவிடைமருதூர். கர்த்தருக்குள் நித்திறை அடைந்தார்.'

நித்திறையா? சின்ன 'ர' போட வேண்டிய இடத்தில் பெரிய 'ற'! கீழே 'வருந்தும் மருமகன் எல்வின்' என்று லேப்டாப்காரனின் படம். கூலிங் கிளாஸோடு! செத்தவர் படத்தைவிடப் பெரிசாய்!

பிறகு தேதி கண்ணில் பட்டது.

தோற்றம்: 02.11.1953.

மறைவு: 14.07.2025.

இன்றைக்குப் பதின்மூன்று!



ஐசியூ வாசலில் நின்றபடி போன் போட்டு, "அக்கா, டிசைனை ரெடி பண்ணி வைங்க, தேதி மட்டும் அப்புறம் சொல்றேன்" என்று சொன்ன வாடிக்கையாளர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள்கூடத் தேதியைக் கடவுளிடம் விட்டுவிடுவார்கள்.

இவன் விடவில்லை.

எல்வின் லேப்டாப்பை மூடி சீட் பையில் செருகினான். எழுந்து கழிப்பறைப் பக்கம் போனான்.

சுடர்விழி முன்னால் குனிந்து பெரியவரின் தோளைத் தட்டினாள்.

"ஐயா... ஐயா!"

குறட்டை நின்றது. "என்னம்மா... ஊரு வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க. ஒடம்பு சரியில்லீங்களா உங்களுக்கு?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன். சர்க்கரைகூட கெடையாது. ஏம்மா கேக்கற?"

"இல்ல... ஊர்ல ஏதும் விசேஷமான்னு..."

அவர் முகம் மலர்ந்தது. "விசேஷந்தான். சிங்கப்பூர்ல பொண்ணு வீட்டுல இருந்துட்டுத் திரும்பறேன். நாளன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன். ஒரு வேலி நெலம் இருக்கு. ஆறே முக்கா ஏக்கர். அதை இளையபெருமாள் பேருக்குத் தானமா எழுதப்போறேன்."

"யாருங்க அவரு? சொந்தமா?"

"எங்க நெலத்துல பாடுபட்டவரு. அவங்க அப்பா, தாத்தா எல்லாம் அதுலயேதான். மூணு தலைமொறையா நாத்துவிட்டது அவங்க, நெல்லு தின்னது நாங்க. போற காலத்துலயாவது நேர் பண்ணிட்டுப் போவோமேன்னு..."

"மருமகன் ஒத்துக்கிட்டாரா?"

"மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டான். பக்கத்துல பைபாஸ் வருதாம். ப்ளாட் போட்டா எங்கயோ போயிடுமாம். நெலம் எங்கம்மா போகும்? அங்கயேதான் கெடக்கும்."

"ஐயா, நான் ஒண்ணு சொல்றேன், பதறாம கேளுங்க. உங்க மருமகன்..."

"என்ன மாமா, புது ஃப்ரெண்டா?"

சுடர்விழி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

எல்வின் நின்றிருந்தான்! உதட்டில் சிரிப்பு. கண்ணில் இல்லை.

உட்கார்ந்தவன், மாமனார் மறுபடி கண்ணை மூடும் வரை பொறுத்திருந்தான். பிறகு சீட் இடைவெளி வழியாகத் திரும்பினான்.

"அக்கா, அடுத்தவங்க ஸ்கிரீனை எட்டிப் பாக்கறது அசிங்கமா இல்ல?"

"ஸ்பெல்லிங்தான் தம்பி அசிங்கமா இருக்கு. நித்திரைக்குச் சின்ன ர."

அவன் முகம் வெளுத்தது. ஒரே வினாடி. பிறகு சமாளித்தான்.

"அது... நான் ஷார்ட் ஃபிலிம் எடுக்கறேன். அதுக்கு ஒரு ப்ராப்பர்ட்டி."

"ஓஹோ. ஹீரோ தூங்கறாரு போல?"

"உங்க வேலையைப் பாருங்கக்கா."

"இதுதான் என் வேலை. கடையே அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

அவன் திரும்பிக்கொண்டான். சுடர்விழி தலைக்கு மேலிருந்த பட்டனை அழுத்தினாள். பணிப்பெண் வந்து குனிந்ததும் காதோடு காதாய் எல்லாவற்றையும் சொன்னாள். பணிப்பெண் புருவத்தைத் தூக்கினாள்.

"மேடம், அவர் லேப்டாப்ல அவர் என்ன வேணா டிசைன் பண்ணலாம்."

"நாளைக்குச் சாவாருன்னு தேதி போட்டிருக்காம்மா!"

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும். முதல்ல நீங்க அதைப் பார்த்ததே தப்பு. ப்ரைவசி மேடம்."

"கொலைக்குமா?"

"வேற ஏதாவது வேணுமா மேடம்? டீ, காபி?"

சுடர்விழி பல்லைக் கடித்தாள். மூஞ்சியில் பூசியதில் பாதி மூளையிலும் பூசியிருக்கிறாள்!

எல்வின் லேப்டாப்பைத் திறந்தான். இந்த முறை திரையைச் சாய்த்துக்கொண்டான். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் பிம்பம் விழுவதை அந்த அவசரக்காரன் யோசிக்கவில்லை.

எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. சுடர்விழிக்கு அது தடையே இல்லை. கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறவளுக்குத் திருப்பிப் போட்ட எழுத்தும் தாய்மொழிதான்.

'நித்திறை'யைத் திருத்துவான் என்று பார்த்தாள். திருத்தவில்லை.

கர்சர் தேதியில் போய் நின்றது.

14... அழிந்தது.

13!

நாளைக்கு என்று இருந்ததை இன்றைக்கு மாற்றிவிட்டான். அவள் வாயைத் திறந்ததால்!

அவன் லேப்டாப்பை மூடினான். போனை எடுத்து ஏதோ தட்டினான். திருப்தியாய்ப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

வெள்ளைப் பொடி.

அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சு ஜூஸ். பொடி உள்ளே போனது. ஸ்ட்ரா சுழன்றது.

"மாமா, எழுந்திரிங்க. ஜூஸ் குடிச்சிட்டுத் தூங்குங்க."

"வேணாம் மாப்ள..."

"எறங்கற வரைக்கும் வெறும் வயித்தோட இருக்கக் கூடாது மாமா. இந்தாங்க... ஒரே மடக்குல..."

பெரியவர் கை நீட்டினார்.

"குடிக்காதீங்க!"

விமானமே திரும்பிப் பார்த்தது. தொப்பைக்காரன் போனைத் தவறவிட்டான்!

சுடர்விழி சீட்டைத் தாண்டிக் கையை விட்டு அந்தக் கப்பைப் பிடுங்கியிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பணிப்பெண் ஓடி வந்தாள்.

"மேடம்! என்ன பண்றீங்க?"

"இவன் இதுல எதையோ கலந்தான்."

"பொய்!" எல்வின் எழுந்தான். "இந்தப் பொம்பளை ஏறினதிலேருந்து என்னைத் தொந்தரவு பண்ணிட்டிருக்கா. மெண்டல்!"

"சரி, நான் மெண்டல்." சுடர்விழி கப்பை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதை நீ குடி. மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

எல்வின் ஓரடி பின்வாங்கினான்.

"எ... எனக்கு ஆரஞ்சு ஒத்துக்காது."

"ஒரே ஒரு வாய்."

"அலர்ஜின்னு சொல்றேன்ல!"

"உன் மாமனாரு, பொண்டாட்டியைப் பெத்தவரு. அவருக்கு ஊட்டி விடற. உனக்கு ஒரு வாய்க்கு இவ்ளோ நடுக்கமா?"

பணிப்பெண் இப்போது எல்வினைப் பார்த்தாள். அவன் நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை.

"சார்... மேடம் சொல்றது பொய்னா, ஒரு வாய் குடிச்சிடுங்களேன்."

"நான் ஏன் குடிக்கணும்? ஆதாரம் இருக்கா? யாராவது பாத்தீங்களா?"

"நான் பாத்தேன்."

சுடர்விழிக்குப் பின் சீட்டிலிருந்து ஒரு குரல். கூத்தாநல்லூர் சைபுல்லா. மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற மனிதர்.

"இந்தத் தங்கச்சி எதை இப்படி முட்டி முட்டிப் பாக்குதுன்னு நானும் எட்டிப் பாத்தேம்மா. தேதியை மாத்தினான், பொடியைப் போட்டான். ரெண்டையும் பாத்தேன். சொன்னா, எட்டிப் பாத்த குத்தம் நம்ம மேல வருமேன்னு வாயை மூடிட்டிருந்தேன்."

"நல்லா மூடுனீங்க போங்க!" என்றாள் சுடர்விழி எரிச்சலாய்.

பெரியவர் ஞானாபரணம் மெல்ல எழுந்தார். மருமகனின் லேப்டாப்பைத் தானே எடுத்துத் திறந்தார். சிரிக்கும் தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லா இருக்கு மாப்ள" என்றார்.

கண் நிறைந்துவிட்டது.

பணிப்பெண் கப்பைப் பத்திரமாய் வாங்கிக்கொண்டு விமானி அறைக்கு ஓடினாள். இரண்டு ஆட்கள் எல்வினைப் பின் வரிசைக்குக் கூட்டிப் போய் நடுவில் உட்கார வைத்தார்கள். அவன் மனித உரிமை பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

திருச்சி.

விமான நிலையத்தில் ஒரு சின்ன அறை. இன்ஸ்பெக்டர் பகலவன் மேஜை மேல் கப், லேப்டாப், போன் மூன்றையும் வரிசையாய் வைத்திருந்தார். மூலையில் எல்வின். எதிரே பெரியவரும் சுடர்விழியும்.

"பொடி பேர் லேப்ல தெரிஞ்சிடும்" என்றார் பகலவன். "எறங்கறப்ப தூக்கத்துல போன மாதிரி இருக்கும். வயசானவரு, நெஞ்சு வலி, போஸ்ட்மார்ட்டம் வேணாம்னு அழுது புரண்டிருப்பான். என்னடா, சரியா?"

எல்வின் தரையைப் பார்த்தான்.

"டிப்ளமா படிச்சிருக்க. கூலிங் கிளாஸ் போட்டிருக்க. கொலைக்கு முன்னாடி போஸ்டர் அடிக்கற கூமுட்டையை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"லேட்டானா பிரின்டிங் கெடைக்காது சார். மறுநாள் முகூர்த்த நாளு, எல்லா பிரஸ்லயும் கல்யாண பேனர்தான்..." என்று ஆரம்பித்த எல்வின், தான் என்ன சொல்கிறோம் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டான்.

சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்க பொண்ணுக்குத் தகவல் சொல்லணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரியவர் உடைந்துபோனார்.

"அதைத்தான் சார் என்னால தாங்க முடியல. இவன் அந்நியன், விட்டுத் தள்ளலாம். ஃபிளோரா தங்கம். தாயில்லாத பொண்ணு, நானே தலை சீவி வளர்த்தது. புருஷன் இப்படின்னு எந்த வாயால அவகிட்ட சொல்லுவேன்?"

சுடர்விழி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேணா பேசறேங்கய்யா. பக்குவமா சொல்றேன்."

பகலவன் எல்வினின் விரலை இழுத்துப் போனைத் திறந்தார். ஏர்ப்ளேன் மோடை எடுத்துவிட்டார்.

'ஸ்விக்' என்று ஒரு சத்தம். வானத்தில் தட்டி வைத்திருந்த மெசேஜ் ஒன்று இப்போதுதான் புறப்பட்டுப் போனது.

"சார், போனை ஆஃப் பண்ணுங்க!" எல்வின் அலறினான். "ப்ளீஸ் சார்!"

"ஏன்டா?"

பதில் வருவதற்குள் போன் அடித்தது.

திரையில் 'ஃபிளோரா'.

"இருங்க, நான் பேசறேன்..." என்று பெரியவர் கை நீட்டினார். பகலவன் ஸ்பீக்கரைப் போட்டார்.

"எல்வின்!" ஒரு பெண் குரல். பரபரப்பான, தணிந்த குரல். "மெசேஜ் வந்துச்சு. நாளைக்குத்தானே சொன்ன? ப்ளேன்லயே முடிச்சிட்டியா? நான் கொடுத்தனுப்பினது முழுசும் போட்டியா? சரி சரி... பெரியப்பாவுக்கெல்லாம் போன் பண்ணணும். நான் இப்ப அழ ஆரம்பிக்கட்டுமா?"



சுடர்விழி போனையே பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனை 'வருந்தும் மகள்' அடித்துக் கொடுத்திருப்பாள்!

பெரியவர் கன்னத்தில் இறங்கிய நீரைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். பிறகு போனைக் கையில் எடுத்தார். அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"ஆரம்பிம்மா, ஃபிளோரா. நல்லா சத்தமாவே அழு. உங்க மனசு எப்படின்னு பாக்கத்தான் நாளன்னைக்குப் பத்திரம்னு சொல்லி வச்சேன். இளையபெருமாள் பேருக்கு அதைப் பதிஞ்சு நாலு மாசம் ஆச்சு... இந்நேரம் குறுவை நட்டிருப்பாரு!"