‘வாரேன்’ என்றொரு பிழை

பனிக்கேணியில் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பல் துலக்குவார்கள், இட்லி சாப்பிடுவார்கள், அப்புறம் கதவிடம் தேர்வு எழுதுவார்கள். மூன்றே கேள்விகள். விடை சரியாக இருந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் ஓரமாக இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மீள்பாடம் கேட்க வேண்டும். பெஞ்சில் யாரும் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அதன் மேல் இப்போது துண்டு காயப்போடுகிறார்கள்.

நிலவின் தென்முனையில், வெயிலே படாத பள்ளம் ஒன்றில் பனிக்கட்டி வெட்டும் குடியிருப்பு அது. நானூறு பேர். பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எல்லோருக்கும் பாடம் சொல்லித்தருவது ஓர் இயந்திரம். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் நான்கு வரி வரும். ஊரார் அதை ‘வாத்தி’ என்றார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், எது தெரியாது, எங்கே தடுமாறுவார்கள் என்று வாத்தி தனித்தனியாக ஒரு வரைபடம் வைத்திருந்தது. மதிப்பெண்களைச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் பெரிய எழுத்தில் காட்டியது. எல்லோரும் நூற்றுக்கு நூறு.

அய்யாத்துரையும் நூற்றுக்கு நூறுதான். செத்துப்போன அன்று காலையிலும்.

அவர் மனைவி மரகதவல்லியின் தொழில் வாத்திக்குப் பாடம் கட்டுவது. பாடம் கட்டும் கருவிக்குத் ‘தறி’ என்று பெயர். பாடத்தின் நோக்கம் என்ன, கேள்வி என்ன, சரியான விடை என்ன, கற்பவர் என்னென்ன பிழை செய்யக்கூடும் என்பதையெல்லாம் இழை இழையாகக் கொடுத்தால் தறி அதைப் பாடமாக நெய்து வாத்தியிடம் சேர்க்கும். பிழைகள் எல்லாம் பிழைக் களஞ்சியத்தில் சேரும். நாலாயிரத்துச் சொச்சம் பிழைகள் அதில் இருந்தன. வெளியே போகும் வழியிலுள்ள இடையறையில் வாத்தியின் காது எப்போதும் திறந்திருக்கும். களஞ்சியத்தில் உள்ள பிழை ஒன்று அந்தக் காதில் விழுந்தால் கதவைத் திறக்கவிடாமல் நிறுத்தும் அதிகாரம் வாத்திக்கு உண்டு. களஞ்சியத்தில் இல்லாத பிழை, பிழையே இல்லை.

அய்யாத்துரை செய்த பிழை அதில் இல்லை. எட்டு மாதமாக அதைச் சேர்க்கத்தான் மரகதவல்லி தறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவசரம் வந்துவிட்டது. மகள் வடிவு பனி வெட்டும் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். முதல்முறை வெளியே போக இன்னும் பதினோரு நாள்.

“பிழையைக் கூறுக” என்றது தறி. அது அச்சுப் புத்தகம் போலத்தான் பேசும்.

“வெளிய போறவங்க ‘போகிறேன்’னு சொல்றதுக்குப் பதிலா ‘வாரேன்’னு சொல்லிருவாங்க.”

“இப்பிழையைச் செய்த கற்போர் எத்தனை பேர்?”

“ஒருத்தரு.”

“மீள்பாடத்தில் அவர் திருத்திக்கொண்டாரா?”

“செத்துப்போயிட்டாரு.”

“தரவு முழுமையற்றது. குறைந்தது ஐம்பது நிகழ்வுகள் தேவை. ஒருவர் செய்தால் அது பிழை அன்று, கவனக்குறைவு.”

விசாரணை அறிக்கையிலும் அதே சொல்தான் இருந்தது. கவனக்குறைவு. மரகதவல்லி திரையை அணைத்துவிட்டு, அணைத்தது போதாதென்று அதன் மேல் அடுப்படித் துணியையும் போட்டு மூடினாள்.

விஷயம் இதுதான். இடையறைக்கு இரண்டு கதவுகள்: ஒன்று குடியிருப்புப் பக்கம், ஒன்று வெட்டவெளிப்பக்கம். உறை மாட்டிய கையால் பொத்தான் எதையும் அழுத்த முடியாது என்பதால் கதவுகள் குரலுக்குக் கட்டுப்பட்டவை. ‘போகிறேன்’ என்றால், வெளியுடையும் தலைக்கூடும் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நிதானமாகக் காற்றை இறைத்து வெளிக்கதவைத் திறக்கும். ‘வருகிறேன்’ என்றால் வெளியே யாரோ நிற்கிறார், உள்ளே வர அனுமதி கேட்கிறார் என்று பொருள். வெளியே நிற்பவர் தலைக்கூடு மாட்டாமலா நிற்பார்? எனவே எதையும் பார்க்காது. உள்ளிருந்து ஒருவர் ‘வா’ என்று சொன்னால் போதும். மூன்றே நொடியில் காற்றை வெளியேற்றி வெளிக்கதவைத் திறந்துவிடும். குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கதவுக்குத் தெரியாது. சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறதே, தனியாக எதற்கு என்று பூமியில் அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். வரேன், வர்றேன், வாரேன் என எந்த ஊர் வழக்கில் சொன்னாலும் புரிந்துகொள்ளும் என்பதை மட்டும் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

அன்று அய்யாத்துரை சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்துவிட்டுக் கிளம்பியிருந்தார். வழக்கமாக வீட்டிலேயே வழியனுப்பும் மரகதவல்லி அன்று இடையறை வரை ஓடிவந்து கொடுத்தாள். அவர் இடையறைக்குள் நுழைந்து, உள்கதவு மூடியதும், தலைக்கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடி வழியாகச் சிரித்தார். “வல்லி, வாரேன்” என்றார்.

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவளும் சொன்னாள். “சரி, பாத்து வாங்க.”

அறிக்கையில் ‘உள்ளிருந்து அனுமதி பெறப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அது யாருடைய குரல் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கதவின் சொல்லை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தாள். கதவுகள் பதினேழு குடியிருப்புகளுக்கும் பொது, ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஒன்பது ஆண்டு ஆகும், மனிதர்களை மாற்ற ஒரு பாடம் போதுமே என்று பதில் வந்தது. பாடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று எழுதினாள். அதில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்களே, பிறகென்ன என்று மறுபதில் வந்தது.

ஐம்பது பேர் வேண்டும். மறுநாள் அவள் அடுத்த வீட்டுத் தங்கப்பழத்தைக் கூப்பிட்டாள். அவர் அய்யாத்துரையின் சித்தப்பா மகன், துளைக்கும் பொறியின் மேற்பார்வையாளர்.

“நாளைக்குக் காலைல தேர்வுல, வெளிய போகும்போது என்ன சொல்லணும்னு கேக்கும்லா? வேணும்னே ‘வாரேன்’னு எழுதுங்க. ஐம்பது பேரு எழுதுனா போதும்.”

தங்கப்பழம் கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல விழித்தார். “என்ன மதினி சொல்லுதீங்க? ஆறு வருசமா நூத்துக்கு நூறு வச்சிருக்கேன். தொண்ணூத்தெட்டு ஆச்சுன்னா பலகையில பேரு கீழ இறங்கிரும். எம் பொண்டாட்டி சோறு போடமாட்டா.”

“உங்க அண்ணன் உசுரு போயிருக்கு.”

“அண்ணனை நினைச்சா எனக்கும் வயிறெல்லாம் எரியுது. ஆனா அது தேர்வு மதினி. தேர்வுல போயி யாராச்சும் தெரிஞ்சே தப்பா எழுதுவாங்களா? எங்களுக்கெல்லாம் நல்லாத் தெரியும். போகும்போது போகிறேன், வரும்போது வருகிறேன். சின்னப் பிள்ள கூடச் சொல்லும்.” எழுந்து செருப்பை மாட்டினார். “மனசப் போட்டு உழப்பாதீங்க. சரி மதினி, வாரேன்.”

“இந்தா! இப்பச் சொன்னீங்களே!”

“என்ன சொன்னேன்?”

“வாரேன்னு!”

“அடப் போங்க மதினி. அது சும்மா சொல்றது. பாடம் வேற, வாய் வேற.” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மரகதவல்லி அவர் தாண்டிப்போன வாசல் நிலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்படித் துணியை எடுத்துவிட்டுத் தறியைத் திறந்தாள்.

தறிக்கு ஒரு விதி உண்டு. நோக்கம், கேள்வி, கேட்கும் காது ஆகிய மூன்றும் இருக்கும் எந்த இடத்தையும் பாடக்களமாகப் பதியலாம். பனிச்சுரங்கம், மருந்தறை, கழிப்பறை எல்லாமே அப்படிப் பதியப்பட்டவைதான். அவள் தன் வீட்டு வாசலைப் பதிந்தாள். நோக்கம்: வெளியேறும் முன் உரிய சொல்லைப் பயன்படுத்துதல். கேள்வி: ‘கிளம்பியாச்சா?’ சரியான விடை: ‘போகிறேன்.’ அடுப்படியில் இருந்த வாத்தியின் காதைக் கழற்றி வாசல் நிலையில் மாட்டினாள்.

பாடம் கட்டுகிறவள் வீட்டுக்கு ஆள் வரத்துக்குக் குறைவில்லை. எந்தக் கேள்வி வரும், எதைப் படித்தால் போதும் என்று கேட்டு வருவார்கள். வந்தவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். எழுந்ததும் ‘கிளம்பியாச்சா?’ என்று கேட்டாள். ஆறு நாளில் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்.

ஏழாம் நாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் கூச்சல். பலகையில் அறுபத்து மூன்று பெயர்களுக்கு நேரே தொண்ணூற்றெட்டு. ஆறு வருடத்தில் முதல்முறையாக மனிதர்கள் தங்கள் வரைபடத்தைத் திறந்து படித்தார்கள். அதில் ‘பாடக்களம்: மரகதவல்லி வீட்டு வாசல்’ என்றிருந்தது.

தங்கப்பழம் மூச்சிரைக்க வந்தார். “காப்பி குடுத்துக் கழுத்தறுத்துட்டீங்களே மதினி! வீட்டுக்கு வந்த மனுசன ஒளிஞ்சிருந்து தேர்வு வைக்கிறது எந்த ஊரு நியாயம்?”

“தெரிஞ்சா சரியாச் சொல்லிருப்பீங்களே.”

“ஏன் சொல்லணும்? உங்க வாசல்ல நின்னு ‘போறேன்’னு சொல்ல நான் என்ன எளவுக்கா வந்தேன்? வாயில வருமா அந்தச் சொல்லு?”

“அதைத்தானே எட்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்!” மரகதவல்லி வாசல் நிலையில் இருந்த காதைத் தட்டிக் காட்டினாள். “வாயில வராது. யாரு வாயிலயும் வராது. அவரு வாயிலயும் வரல.”

தங்கப்பழம் உட்காரப் போனார். ஆனால் தொண்ணூற்றெட்டு கண்முன் வந்திருக்க வேண்டும். “இருக்கட்டும். இனிமே உங்க வாசப்படிய மிதிச்சா என் பேரை மாத்திக்கிடுதேன். வாரேன்!”

பலகையில் அவர் பெயர் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது.

அன்று மத்தியானம் தறி அறிவித்தது: “பிழை ஏற்கப்பட்டது. எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. வெளியேறும்போது வருகைச் சொல் பயன்படுத்துதல். கண்டறிந்த பாட ஆசிரியருக்கு நன்றி.”

மரகதவல்லி உடனே வேலையில் இறங்கினாள். புதுப் பாடத்தைக் கட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் நாலைந்து முறை அடித்துத் திருத்தினாள். ‘வாசலில் நிற்கும்போது உங்கள் பழக்கம் உங்களுக்கு முன்னால் பேசிவிடும். பேசுமுன் ஒரு மூச்சு எடுங்கள்.’ இரண்டே நாளில் ஊரார் அதை மனப்பாடம் செய்து, பலகையை மறுபடி நூற்றுக்கு நூறாக்கிவிட்டார்கள். முடிவில் வாத்தி ‘புரிந்ததா?’ என்று கேட்டபோது நானூறு பேரும் ‘புரிஞ்சுது’ என்றார்கள். தங்கப்பழமும்தான்.

வடிவு பாடத்தை மூன்று முறை கேட்டாள். “போதும்மா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“தூக்கத்துல சொல்லுவ. வாசல்ல சொல்லுவியா?”

“நீ வேணாப் பாரு.”

பதினோராம் நாள் வந்தது. வடிவு கதவிடம் தேர்வு எழுதினாள், மூன்றும் சரி. இடையறைக்குள் நுழைந்தாள். உள்கதவு மூடியது. தலைக்கூடு கையில் இருந்தது. முடியை ஒதுக்கிக் கட்டிவிட்டு மாட்டலாம் என்று நினைத்தவள், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிற்கும் தாயைப் பார்த்தாள். தாய் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வர, பாடத்தில் சொன்னபடி ஒரு மூச்சு எடுத்தாள். பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“அம்மா, போகிறேன்.”

தலைக்கூடு மாட்டப்படவில்லை என்று கண்ட கதவு, பொறுமையாகக் காத்திருந்தது. எல்லாம் முறைப்படி.

மரகதவல்லி மட்டும் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

“ஏய்! என்ன பேச்சு பேசுத? மொத நாளும் அதுவுமா, அப்பன் போன வாசல்ல நின்னுக்கிட்டு! எவளாவது போறேன்னு சொல்லுவாளா?”

“அம்மா, நீதானே…”

“வாய மூடு! ஒழுங்கா போயிட்டு வாரேன்னு சொல்லு!”

“அம்மா, பாடத்துல…”

“பாடத்தத் தூக்கிக் குப்பையில போடு! சொல்லுடி!”

வடிவு சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குப் பயந்தவள். “சரிம்மா. வாரேன்.”

“ம். பாத்து வா” என்றாள் மரகதவல்லி.

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது.

மூன்று நொடி. மரகதவல்லி அந்த மூன்று நொடிகளையும் எண்ணினாள். கண்ணாடியில் இரு கையையும் அறைந்துகொண்டு எண்ணினாள். காற்று போகும் சீறல் கேட்கவில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

“பிழை, எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு” என்றது வாத்தி. “கதவு நிறுத்தப்பட்டது. புதுப் பாடம் வெளியான பின் இப்பிழையைச் செய்த முதல் கற்பவர்: வடிவு. தூண்டியவரும் அனுமதி தந்தவரும்: மரகதவல்லி. பாடத்தின் ஆசிரியர்: மரகதவல்லி. இருவரும் பெஞ்சில் அமர்க.”

பெஞ்சில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். வடிவு தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தி பாடத்தை முதல் வரியிலிருந்து படித்தது. எல்லாம் மரகதவல்லியே எழுதியவை. ‘வாசலில் நிற்கும்போது உங்கள் பழக்கம் உங்களுக்கு முன்னால் பேசிவிடும்.’ நல்ல வாக்கியம் என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

“புரிந்ததா?” என்றது வாத்தி.

“புரிஞ்சுது” என்றார்கள் இருவரும் ஒன்றாக.

இந்தமுறை வடிவு தலைக்கூட்டைப் பெஞ்சிலேயே மாட்டிப் பூட்டிக்கொண்டு இடையறைக்குள் போனாள். தாயைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “போகிறேன்.”

மரகதவல்லி இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். காற்று மெதுவாக இறங்கியது. வெளிக்கதவு திறந்தது. இருட்டுக்குள் மகளின் விளக்கு ஆடி ஆடிப் போனது.

உள்ளங்கைகளுக்குள் அவள் உதடுகள் என்ன சொல்லின என்பது வாத்தியின் காதுக்கு எட்டவில்லை. அவள் பெயருக்கு நேரே வாத்தி நூற்றுக்கு நூறு என்று பதிந்துகொண்டது.