காவலாளி நின்ற இடம்

அந்தப் பழைய கடைவீதிக்குள் அவள் நுழைந்தபோது மணி மூன்று. மேலே தகரக் கூரை, இரு பக்கமும் சாத்திக் கிடந்த கடைகள். தெற்கே அவள் நுழைந்த இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது.

அரை நூற்றாண்டுக்கு முன் ஓட்டுரிமை கேட்டு நானூறு பேர் அங்கே கூடியிருந்தார்கள். வடக்கிலிருந்து ராணுவம் சுட்டுக்கொண்டே வந்தது. தெற்குக் கதவு தாழிட்டிருந்தது. காவலாளி ஒருவர் தாழை நீக்கி எல்லோரையும் வெளியே அனுப்பினார். அவர் மட்டும் போகவில்லை.

அது நடந்து முடிந்த ஒன்பது நிமிடங்களை, மக்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதே தரையில் நின்று பார்க்கும்படி அவளுடைய அலுவலகம் உருவாக்கியிருந்தது. உருவங்கள் தரையில் பதிந்து நிற்கின்றனவா, சுவரில் இடிக்கின்றனவா என்று நடந்து பார்ப்பதுதான் அவள் வேலை. இடித்தால் நகர்த்த வேண்டும்.

காவலாளி இடித்தார். புதிதாகக் கட்டிய தூணுக்குள் அவர் தோள் புதைந்திருந்தது. நகர்த்த அரை நாள் பிடிக்கும், அழிக்க ஒரு விரல் போதும். நானூறு பேரில் ஒருவர் குறைந்தால் குடியா முழுகிப்போகும் என்று நேற்று மாலை அழித்துவிட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நான்கு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். போன வாரமே இரண்டு நாள் தாமதம். "இனிமே லேட்டா வந்தா உன்கூட பேசவே மாட்டேன்" என்று அந்த ஏழு வயதுச் சுண்டைக்காய் கெடு வைத்திருந்தது.

கண்ணாடியை மாட்டினாள். காட்சி தொடங்குவதற்கான சங்கு ஊதியது.

கூட்டம் எழுந்தது. கோஷம், ஓட்டம், புகை. நூறு தடவை பார்த்த காட்சிதான். ஆனால் இன்று வெடிமருந்து கரிந்த வாடை மூக்கில் ஏறியது.

கண்ணாடியில் வாடை வராது.

கூட்டம் தெற்கே ஓடி, சாத்தியிருந்த கதவின்மேல் மோதியது. ஒருவர் முழங்கை அவள் விலாவில் இடித்தது. வலித்தது. அவள் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றிக் கீழே போட்டாள்.

கூட்டம் போகவில்லை.

அவள் வரும்போது திறந்திருந்த கதவும் இப்போது தாழிட்டே இருந்தது.

கைப்பேசியும் எங்கோ நழுவி விழுந்துவிட்டது. வடக்கே துப்பாக்கிச் சத்தம் நெருங்கியது. நெற்றியில் ரத்தம் வழிய ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"கதவத் தொறக்கிறவரு எங்கம்மா?"

அவள் அந்தப் புதுத் தூணைப் பார்த்தாள்.

"நான்... நான்தான் எடுத்துட்டேன்."

பெரியவர் கோபப்படவில்லை. தாழைக் காட்டினார்.

"அப்ப நீ தொற."

நானூறு முகங்களும் அவளைப் பார்த்தன. இடுப்புக் குழந்தைகூடப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் தாழில் கை வைத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கதவு விலகியது. அவர்கள் அவளை உரசிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாகப் போன பெண் திரும்பி, "வாங்க" என்றாள்.

அவள் காலை எடுத்து வைத்தாள்.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சங்கு ஊதியது.

அவள் கை மறுபடி தாழின் மேல் இருந்தது.

எத்தனை முறை திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஏதோ ஒரு சுற்றில் குனிந்து பார்த்தபோது, கை முழுக்கக் காவலாளியின் காக்கிச் சட்டை.

அப்போதுதான் மொட்டை வந்தான். அவளோடு அதே வேலை பார்ப்பவன். தலையை மழித்தே வைத்திருப்பதால் அந்தப் பெயர். சாத்திய கதவு வழியாகவே, தெருவில் நடப்பதுபோல உள்ளே வந்தான். "அக்கா! அக்கோவ்!" என்று கூப்பிட்டான். தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டி, நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"பரவாயில்லையே, காவலாளிய அக்கா திரும்ப வச்சுட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "தூண்ல துளிகூட இடிக்கல."

வேண்டாம் என்று அவள் தலையை ஆட்ட நினைத்தாள். தலை அசையவில்லை. அவன் தன் கையிலிருந்த கணினிப் பலகையில் ஒப்புதல் பொத்தானை அழுத்தினான். இனி யாரும் அந்தக் காட்சியில் கை வைக்க முடியாது.

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். சுவரோரம் கிடந்த அவள் கைப்பேசி ஒலித்தது. பள்ளியிலிருந்து அழைப்பு. எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தான்.

"அம்மா, எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன். கோவமெல்லாம் இல்ல. வாம்மா."

"அம்மா இங்க இல்லடா கண்ணு" என்றான் மொட்டை. "போனு மட்டும்தான் கெடக்கு. அங்கயே இரு, மாமா வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பாப்பா என்றுதான் கத்தினாள். ஆனால் வாயிலிருந்து வந்தது காட்சியில் காவலாளி சொல்லும் வார்த்தை.

"தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா போங்க."

மொட்டைக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கைப்பேசியோடு நடந்தான்.

கைப்பேசியில் இணைப்பு இன்னும் இருந்தது. குழந்தை கேட்டாள்.

"பொய் சொல்றீங்க மாமா. அம்மா உங்க பக்கத்துலதான பேசுறாங்க. யார தள்ள வேணாங்கறாங்க?"