பிரார்த்தனைக் குறிப்பில் ஒரு தாய்

"குடையை வெளியில வைங்க! சொட்டுது பாருங்க... நூறு வருஷப் பதிவேடு!"

இபான்ரி போட்ட சத்தத்தில் அந்த வாலிபன் வாசலிலேயே நின்றுவிட்டான். மலையூர் ஜோவாயின் யூனிடேரியன் தேவாலயச் சபை வரலாற்றை எழுதுகிறேன் என்று, மூன்று வாரமாக அவள் பழைய ஏடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும்தான் சொட்டறேன், கோங். என்னையும் வெளியில வெச்சிடுவீங்களா?" 'அக்கா' என்பதை அந்த ஊரில் மரியாதையாக 'கோங்' என்பார்கள்.

நனைந்த இமைகள்... அதற்குள் ஒரு சிரிப்பு... பேனாவை எங்கே வைத்தோம் என்றே அவளுக்கு மறந்துபோயிற்று.

"பேரு?"

"கிர்ஷான் சுச்சியாங். எங்கம்மா த்ரில்லாவோட பேர்சூட்டுப் பதிவு வேணும். கைக்குழந்தையிலயே அநாதையாகி ஷில்லாங் விடுதிக்குப் போனவங்க."

இபான்ரிக்கு நெஞ்சு திக்கென்றது. அவளும் சுச்சியாங்! இங்கே குலப்பெயர் அம்மா வழியில் வரும்; ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கை, கல்யாணமே கூடாது. இந்த மலையில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பதிவு கிடைத்தது: 'குழந்தை த்ரில்லா. தாய் பியோலா சுச்சியாங்.'

இருந்தும் மறுநாள் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். ஐந்தாம் நாள் அவளுக்குப் பயம் தாங்கவில்லை.

"இனிமே வராதீங்க. நீங்க எனக்கு அண்ணன் முறை."

அவன் முகம் கறுத்தது. "நான் ஏதாவது கேட்டேனா?" என்று மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். குடை மூலையில் கிடந்தது.

அழுது முடித்த பிறகுதான் அது உறைத்தது. பியோலா அவளுடைய சொந்தப் பெரியம்மா. பிள்ளையே பெறாதவள்! பதறிப்போய், த்ரில்லாவுக்குப் பேர்சூட்டிய வாரத்து ஆராதனைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் குடையைக் கேட்டு வந்தவன் முன்னால் அதைத் தள்ளினாள்.

"நீங்களே படிங்க. என் கண்ணை நான் நம்பல. ஆசையில தப்பாப் படிச்சிட்டேன்னா..."

அவன் படித்தான்: "பிரசவத்துக்குப் பின் நோயில் படுத்துவிட்ட லாரிஸ் தாரியாங்குக்காகப் பிரார்த்தித்தோம். அவருடைய குழந்தையை, பக்கத்து வீட்டு பியோலா ஏந்தி வந்தார்."

"அந்த வருஷம் பதிவு எழுதினவர் வெளியூர் வாத்தியார்," என்றாள் இபான்ரி. "அவங்க ஊர்ல குலம் அப்பா வழி. தாய் யாருன்னு கேக்கணும்னே தோணல. தூக்கிட்டு வந்தவங்களையே தாய்னு எழுதிட்டார்."

"அப்போ நான்... தாரியாங்?" அவன் விரல் வைத்து அந்த வரியை மறுபடியும் படித்தான். "லாரிஸ்... அம்மாவைப் பெத்தவங்க பேரு லாரிஸ். அது தெரியாமலே செத்துப் போயிட்டாங்களே எங்கம்மா..."

அவள் கண்ணும் நிறைந்தது.

"நன்றி, கோங்..."

"கோங்னு கூப்பிடாதீங்க."

"பின்ன?"

"இபான்னு கூப்பிடுங்க. கூப்பிட மாட்டீங்களான்னு அஞ்சு நாளா ஏங்கினேன்... கூப்பிட்டுடுவீங்களோன்னு செத்துச் செத்துப் பிழைச்சேன்."

அவன் அவளையே பார்த்தான். "இபான்... குடைக்காக நான் வரல. உனக்காகத்தான் வந்தேன்."