நான்காவது வட்டம்

சிவசங்கர் கம்ப்யூட்டரில் அக்கவுன்ட் போட்டது மூன்று பேருக்குத்தான். தனக்கு ஒன்று, மனைவி பிரேமலதாவுக்கு ஒன்று, மகள் தேவதர்ஷினிக்கு ஒன்று. எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டான். திரையில் நான்கு வட்டங்கள் வந்து நின்றன.

நான்காவது வெறும் சாம்பல் வட்டம். கீழே பெயர் இல்லை.

கை தவறி எதையோ அழுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். பிரேமலதா அதை வைத்துத்தான் ஆன்லைனில் சேலை விற்றாள். போன வாரம் பழைய சேலைப் படங்களை அவள் அழித்தபோது, தேவா பள்ளிக்கூடத்துக்காக எழுதி வைத்திருந்த கட்டுரையும் சேர்ந்து போய்விட்டது. அதிலிருந்து தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தனித்தனியாக ஈமெயில் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லியனுப்பியிருந்தார்கள். இருவரும் முசிறிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த இந்த ஞாயிற்றுக்கிழமையில், அவர்கள் திரும்புவதற்குள் அவரவர் இடத்தை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தான். தேவாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கொடுத்து அவளுக்கு ஈமெயிலும் திறந்தாயிற்று.

மறுபடி அணைத்துப் போட்டான். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் சாலையை ஒட்டிய அந்த மாடி வீட்டில் வெளிச்சம் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் காவிரிக் காற்று ஈர மண் வாசனையோடு வந்து, கொடியில் கிடந்த பாவாடையை அசைத்துவிட்டுப் போனது. கீழ்வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தமும், கம்ப்யூட்டருக்குள் சுழலும் காற்றாடியின் இரைச்சலும் தவிர வேறு அரவம் இல்லை. அந்த இரைச்சல் சீராக இல்லை. ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. தூங்குகிற ஒருவரின் மூச்சு போல இருந்தது.

திரை வெளிச்சமானது. நான்காவது வட்டத்தின் கீழே இப்போது பெயர் இருந்தது.

சுபலட்சுமி.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. தேவாவுக்கு முன்னால் வயிற்றில் இருந்த குழந்தைக்கு, பெண்தான் என்று அடித்துச் சொல்லி, பிரேமலதாவும் அவனும் இருட்டில் படுத்துக்கொண்டு கிசுகிசுத்து வைத்த பெயர் அது. குழந்தை இறந்தே பிறந்தது. அவனும் மைத்துனனும் கொள்ளிடக் கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதன்பின் பிரேமலதா மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். தேவா பிறந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. அக்கா ஒருத்தி இருந்தாள் என்பது தேவாவுக்கே தெரியாது.

போன் அடித்தது. பிரேமலதா.

"கொள்ளிடம் பாலம் தாண்டிட்டோங்க. பஸ்ல நல்ல கூட்டம்."

"லதா, நம்ம கம்ப்யூட்டர்ல நீ ஏதாச்சும் பேரு போட்டு வச்சியா?"

"நான் எதுக்குங்க போடப்போறேன்? ஏன், கெட்டுப்போச்சா?"

பின்னாலிருந்து தேவாவின் குரல் கேட்டது. தன்னுடைய வட்டத்தில் பூனைப் படம் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை, பார்த்து வாங்க என்று சொல்லி வைத்துவிட்டான்.

பிரேமலதா இதைப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் அவன் மனதில் ஓடியது. பார்த்தால் மறுபடி அந்தச் சுவர், அந்த மாதங்கள்.

சுபலட்சுமியின் வட்டத்தைத் தொட்டான். பாஸ்வேர்டு கேட்கவில்லை. உள்ளே ஒரு ஈமெயில் பக்கம் திறந்தே இருந்தது. ஒரே ஒரு கடிதம். யாருக்கு என்ற இடத்தில் அப்பா என்று இருந்தது.

"எல்லாருக்கும் இடம் கொடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏம்ப்பா இல்ல?"

அடுத்த வரி அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு எழுத்தாக, பழக்கமில்லாத கை தேடித் தேடி அடிப்பதைப் போல விழுந்தது.

"ஒரு இடம் போதும்ப்பா."

அறைக்குள் டெட்டால் வாடை அடித்தது. டெட்டாலும், அதற்கு அடியில் லேசாகப் பால் திரிந்த வாடையும். கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போல மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, அக்கவுன்ட் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரின் மேல் வைத்து நீக்கு என்று அழுத்தினான்.

இந்த அக்கவுன்டும் இதில் உள்ள எல்லாமும் நிரந்தரமாக அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. திரும்பப் பெற முடியாது. சம்மதமா?

அழுத்தினான்.

காற்றாடி நின்றது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. டெட்டால் வாடை விலகியது. திரையில் மூன்றே வட்டங்கள். அவன் முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தான்.

சிவசங்கர். பிரேமலதா. சுபலட்சுமி.

இன்னொரு முறை படித்தான். தேவதர்ஷினி இல்லை.

புதிதாக ஒன்று போட்டுவிடலாம். பெயரை அடித்தான். பிறந்த தேதி கேட்டது.

தேதி.

சற்று முன்னால்தானே அடித்தோம். எந்த மாதம்? மழைக்காலமா? மழைக்காலம்தான். இல்லை, வெயில். பிரேமலதா வியர்த்துக்கிடந்தாளே. எந்த ஆஸ்பத்திரி? போனை எடுத்து மகளின் போட்டோவைத் தேடினான். பிரேமலதா இருந்தாள். அவள் பக்கத்தில் வெறும் இடம் இருந்தது. அந்த இடத்தின் தோளில் அவள் கை போட்டிருந்தாள்.

கீழே கேட் சத்தம். படியில் செருப்புகள். இரண்டு பேர்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பிரேமலதா மூச்சு வாங்க ஏறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவு நிறைவாக அவள் சிரித்து அவன் பார்த்ததேயில்லை.

"தேவா எங்க?"

"யாருங்க தேவா?" அவனைக் கேட்டுவிட்டுப் பின்னால் திரும்பினாள். "சுபா, செருப்பை ஓரமா விடு."

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். தேவாவைவிட உயரம். தேவாவின் நீலச் சுடிதார் தோளில் இறுகி, அதன் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றிருந்தன. அவன் மூக்கு. அவன் நெற்றி. கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

மூடிய கண்ணோடே செருப்பைக் கழற்றினாள். ஓரமாக வைத்தாள். எதிலும் இடிக்காமல் அவனைத் தாண்டிப் போனாள். பிரேமலதா பையிலிருந்த வளைகாப்புச் சாதத்தை எடுத்துவைக்க, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சமையலறைக்குள் சென்றாள்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன் வட்டத்தைத் தொட்டாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

பிறகு நாற்காலியை மெதுவாக அவன் பக்கம் திருப்பினாள்.

இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முதலில் ஓரத்தில் ஒட்டு விட்டது. பிறகு நடுவில். கொஞ்சம் கொஞ்சமாக, அவை பிரியத் தொடங்கின.